நாற்றத்துக்குப் பணிக்குழு தந்த பதிலும் நிறுவனம் தந்த பதிலும்

விமான நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சீட், சாப்பாடு எல்லாம் வழக்கம்போலத்தான், அதில் எழுத ஒன்றுமில்லை. விமானம் இறங்க ஆரம்பித்த நேரத்தில் கேபினுக்குள் ஒரு நாற்றம் வந்தது, அதை அவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பதுதான் இந்த ரிவியூ.

ஈர சாக்ஸை மூட்டை கட்டி வைத்தால் வருமே, அந்த மாதிரி. யாரோ ஷூவைக் கழற்றிவிட்டார்கள் என்று பக்கத்து சீட்காரர் சிரித்தார். நியாயமான சந்தேகம்தான், ஆனால் ஷூ நாற்றம் ஓரிரு வரிசையோடு நின்றுவிடும், இது மேலே காற்று வரும் துவாரத்திலிருந்தே வந்தது. பெரும்பாலான ஜெட் விமானங்களில் கேபின் காற்றை இன்ஜின் கம்ப்ரஸரிலிருந்துதான் (காற்றை அழுத்தும் பகுதி) எடுக்கிறார்கள் (போயிங் 787இல் அப்படி இல்லை, தனி மின் கம்ப்ரஸர்கள்). இன்ஜினுக்குள் ஆயிலைத் தடுத்து வைக்கும் சீல் கசிந்தால் சூடான ஆயிலின் ஆவியும் கூடவே வரும், அதன் வாடை பெரும்பாலும் அழுக்கு சாக்ஸ் மாதிரி இருக்கும். கேபின் காற்றை வடிகட்ட ஹெபா ஃபில்டர் இருக்கிறதே என்றால், அது தூசியையும் கிருமியையும் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது.

பெல்லை அழுத்தினேன். வந்த பணிப்பெண் "ஒன்றுமில்லை சார்" என்று சமாளிக்கவில்லை. எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், கண் எரிகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டார், ஒரு நிமிடம் நின்று தானும் மோந்து பார்த்தார், அப்புறம் அடுப்பு, கழிப்பறை எல்லாம் பார்த்து, சுவர்ப் பலகைகளில் சூடு இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, நேராகப் பைலட்டுக்குப் போன் செய்தார். இதைவிடச் சரியாகச் செய்ய முடியாது. 1998இல் ஸ்விஸ்ஏர் 111 விமானத்தின் காக்பிட்டில் வந்த வாடையை முதலில் ஏசியிலிருந்து வருவதாகத்தான் நினைத்தார்கள்; சுமார் 20 நிமிடத்தில் விமானம் கனடா கரையோரம் கடலில் விழுந்து 229 பேரும் இறந்துபோனார்கள். எங்களுக்கு வந்த நாற்றம் கொஞ்ச நேரத்தில் தானாகவே குறைந்துவிட்டது, ஆனால் அது குறையும் என்று சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

எல்லா வாடைக்கும் பதற வேண்டியதில்லை. இன்ஜின் கிளப்பும்போது வரும் மண்ணெண்ணெய் வாடை பெரும்பாலும் புகை காற்றில் திரும்பி வருவதுதான். ஆனால் பிளாஸ்டிக் கருகுவது போல இருந்தால் உடனே கூப்பிடுங்கள், போன் சீட் இடுக்கில் விழுந்திருந்தால் சீட்டை நகர்த்தவே நகர்த்தாதீர்கள், பேட்டரி நசுங்கித் தீப்பிடிக்கலாம்.

குறை ஒன்று: அறிவிப்பே கிடையாது. பின்வரிசையில் ஒருவர் ஆக்சிஜன் மாஸ்க்கை இறக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். அந்த மாஸ்க் கேபின் காற்றையும் கலந்துதான் கொடுக்கும், புகைக்கோ ஆவிக்கோ உதவாது என்று மைக்கில் ஒரு வரி சொல்லியிருந்தால் அவர் அடங்கியிருப்பார்.

பெரிய குறை தரையிறங்கிய பிறகுதான். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டு மெயில் அனுப்பினேன். "அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று பதிலும் ஒரு கூப்பனும் வந்தன. கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை இல்லை. பணிக்குழுவுக்கு 5க்கு 5, நிறுவனத்துக்கு 2. கூப்பன் அவர்களிடமே அடுத்த டிக்கெட் எடுத்தால்தான் செல்லுமாம்.