சி.ஐ.டி.பி.க்குக் குளிசையா, ஊசியா?

செருப்பு கழன்றது தெரியாமல் அப்பா நடந்துபோனபோது, ஊரில் எல்லோரும் சீனி வருத்தம் என்றுதான் சொன்னார்கள். சோதித்தால் சீனியே இல்லை. சீனி விறைப்பு பாதத்தில் தொடங்கி மெல்ல ஏறும். அப்பாவுக்குத் தொடையும் தோளும் சேர்ந்தே பலமிழந்தன. கில்லன் பாரே என்ற, திடீரெனத் தாக்கும் நரம்பு வருத்தம் என்றால் 4 கிழமைக்குள் உச்சம் தொட்டுவிடும். இது 2 மாதம் தாண்டியும் கூடிக்கொண்டே போனது. நரம்புக் கடத்தல் சோதனையில், நரம்பு வழியே மின்துடிப்பு போகும் வேகம் குறைந்திருந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையை அரிக்கும் சி.ஐ.டி.பி. அது.

முதலில் பார்க்கும் சிகிச்சை மூன்று. இரத்தத்தின் திரவப் பகுதியை எடுத்து மாற்றும் பிளாஸ்மா மாற்று பலன் தரும், ஆனால் சில கிழமைதான் நிற்கும்; மெஷினும் பெரிய இரத்தக் குழாயில் டியூப்பும் வேண்டும். அதை விட்டுவிட்டோம். மிஞ்சியவை இரத்ததானத்தில் கிடைக்கும் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஊசியும், ஸ்டீரொய்ட் வகையான பிரெட்னிசோலோன் குளிசையும்.

ஊசி வேகமாக வேலை செய்யும், சீனியைக் கூட்டாது. முதல் சுற்றுக்கு கிலோவுக்கு 2 கிராம். 60 கிலோ ஆளுக்கு 120 கிராம், சில நாட்களாகப் பிரித்து ஏற்றுவார்கள். சரி, அத்தோடு முடிந்தால் நல்லது. பெரும்பாலானோருக்கு ஏறத்தாழ 3 கிழமைக்கு ஒருமுறை திரும்பவும் வேண்டும். எங்களுக்கு அது கண்டியில் என்றார்கள். பஸ் படியில் காலைத் தூக்க, அப்பா இரண்டு கையாலும் காற்சட்டையைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது. அந்த நிலையில் திருகோணமலையிலிருந்து ஹபரணை, தம்புள்ளை என்று போய்வருவதை வருடக்கணக்கில் யோசித்துப் பார்த்தேன். செலவு வேறு. 2023இல் இலங்கையில் தரமற்ற இம்யூனோகுளோபுலின் பிடிபட்ட கதையும் மனதில் இருந்தது.

குளிசையைத் திருகோணமலைப் பாமசியிலேயே எடுக்கலாம், விலையும் கொஞ்சம். நிறுத்தியபின் வருத்தம் நீண்டகாலம் அடங்கியிருக்கும் வாய்ப்பும் இதில் கூட என்று டொக்டர் சொன்னார். அதனால் குளிசையையே எடுத்தோம். ஆனால் பராமரிப்பு வீட்டார் தலையில். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுக்கவேண்டும். இரவில் கொடுத்தால் தூக்கம் போய்விடும். சீனி, பிரஷர் பார்த்து எழுதவேண்டும், எலும்புக்குக் கல்சியமும் விற்றமின் டி-யும் வேண்டும். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். கலண்டரில் அந்தந்த நாளின் மில்லிகிராமை அம்மா சிவப்பு மையில் எழுதிவைப்பார். திடீரென நிறுத்தவே கூடாது. அப்பாவுக்கு முகம் ஊதியது, பசி தாங்காது, எரிச்சலும் கூடியது. ஆனாலும் இப்போது கை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்புகிறார்.

ஊசி நாங்கள் போடவில்லை, அதன் சிரமம் கேட்டறிந்த அளவுதான். ஏற்கெனவே சீனி உள்ளவருக்கு நானும் ஊசியைத்தான் சொல்வேன். உணர்ச்சி கெடாமல் பலம் மட்டும் குறையும் சி.ஐ.டி.பி. வகையில் குளிசை நிலைமையை மோசமாக்கவும் கூடும். அதை நரம்பியல் வைத்தியரிடம் முதலே கேளுங்கள். குறைக்கும்போது அப்பாவுக்குப் பலவீனம் திரும்பினால், நாங்களும் கண்டிக்குத்தான் போகவேண்டும்.