கஸ்டம் ராட் கட்டக் கொடுக்கிறீர்களா? நூலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கடற்கரையில் நின்று லூர் (செயற்கை இரை) வீசி மீன் பிடிக்கிற நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். விலை குறைந்த கடை ராடை (தூண்டில் கோலை) உரித்து, புது நூல் சுற்றி, கஸ்டம் ராட் என்று விற்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. கொடுத்த பணம் 26,000 ரூபாய். புகார் நிலுவையில் இருப்பதால் ஆளின் பெயரைப் போடவில்லை. பெயரைவிட அந்த ராடில் என்ன இருந்தது என்பதுதான் உங்களுக்கு உதவும்.

நான் கேட்டது இதுதான். முட்டுக்காடு முகத்துவாரத்தில் கொடுவா மீனுக்கும் பாறை மீனுக்கும் வீச 10 அடி ராட், இரண்டு துண்டு. 30 முதல் 60 கிராம் லூர், 5000 அளவு ஸ்பின்னிங் ரீல், பிஇ 2 தடிமனில் பிரெய்டு (பின்னிய தூண்டில் நூல்). எதிர்காற்றில் கூடுதலாகப் பத்து மீட்டர் போனால் மணல்திட்டைத் தாண்டி லூர் விழும். அந்தப் பத்து மீட்டருக்காகத்தான் இவ்வளவு செலவு. புத்தம் புது கார்பன் பிளாங்க் (எதுவும் கட்டாத வெறும் கோல்), சிலிக்கான் கார்பைடு வளையம் வைத்த கைடு (தூண்டில் நூல் நுழைந்து ஓடும் வளையம்) என்பது பேச்சு. ஆர்டர் எடுக்கும்போது அவர் என் கை நீளத்தைக் கேட்கவில்லை, ரீல் மாடலைக்கூடக் கேட்கவில்லை. கைடைக் கட்டும் நூல் என்ன நிறம், ராடில் என்ன பெயர் எழுதணும், அவ்வளவுதான் கேட்டார்.

வந்த ராட் பார்க்க அழகாகவே இருந்தது. கருநீல நூல், ஓரத்தில் தங்க நிற நூல், பிடிக்கு மேலே வைரக் கட்டம் போட்ட சுற்று, என் பெயர். வீசினால்தான் விஷயம் தெரிந்தது. பிரெய்டு முதல் கைடில் படபடவென்று அடித்தது. வேகமாகக் கிளம்பிய லூர், பின்னால் யாரோ பிடித்து இழுத்ததுபோல் பாதி வழியில் தொய்ந்து விழுந்தது. என் பழைய கடை ராட் அதைவிடத் தூரம் வீசும். போதாததற்கு பிரெய்டில் முடிச்சு வேறு.

ஸ்பின்னிங் ரீலில் தூண்டில் நூல் நேராக வருவதில்லை. ஸ்பூல் (ரீலில் நூல் சுற்றியிருக்கும் உருளை) விளிம்பைச் சுற்றி, பெரிய பெரிய வளையங்களாகக் கழன்று வருகிறது. அந்த வளையத்தைப் படிப்படியாகச் சுருக்கி, பிளாங்கை ஒட்டி ஓட வைப்பதுதான் முதல் மூன்று கைடுகளின் வேலை. அதற்கு முதல் கைடுக்கு உயரமான கால் வேண்டும், ரீலிலிருந்து போதிய தூரமும் வேண்டும். இந்த அளவு ரீலுக்கு 10 அடி ராடில் 25 அல்லது 30-ஆம் எண் (எண் கூடினால் வளையம் பெரிது) கைடை முக்கால் மீட்டருக்கு அப்பால் வைப்பார்கள். என் ராடில் 20-ஆம் எண் கைடு, குட்டைக் கால், ஸ்பூல் வாயிலிருந்து 52 செ.மீ. தூரத்தில். ஸ்பூலே ஐந்து செ.மீ.க்கு மேல் அகலம். விரிந்து வருகிற நூல் அத்தனை கிட்டத்தில் அவ்வளவு சின்ன வளையத்தில் நுழைய வேண்டுமென்றால் அடிக்கத்தான் செய்யும், வேகம் போகத்தான் செய்யும்.

நுனியிலும் அதே அலட்சியம். நுனிப் பக்கம் கைடு சின்னதாக, ஒற்றைக் காலோடு, எடையில்லாமல் இருக்க வேண்டும். நுனி கனத்தால் வீசிய பிறகு ராட் ஆடி நிற்க நேரமாகும், நூல் அதில் உரசும். எனக்கு வந்ததில் நுனி வரைக்கும் இரட்டைக் கால் கைடு, ஒவ்வொன்றின் மேலும் கட்டி கட்டியாக எபாக்ஸி. இரண்டு இடத்தில் விரல் வைத்தால் இன்னும் பிசுபிசுத்தது. ராடுக்கான எபாக்ஸியில் பிசினையும் கடினமாக்கியையும் பெரும்பாலும் சம அளவு கலக்க வேண்டும், சிரிஞ்சில் அளந்து எடுப்பார்கள். கண்ணளவில் ஊற்றினால் இப்படித்தான் காயாமல் நிற்கும்.

எங்களோடு வீச வருகிற ஒரு அண்ணன் தன் ராடுகளைத் தானே கட்டுபவர். அவரிடம் கொண்டுபோனேன். பிடியை மேசையில் இறுக்கிக் கட்டி, கைடுகள் வழியாக நூலை ஓட்டி, நூல் முனையில் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டார். கைடு இடம் சரியாக இருந்தால் ராடின் வளைவை ஒட்டியே நூலும் போகும். என் ராடில் நான்காவது, ஐந்தாவது கைடுக்கு நடுவே பிளாங்க் வளைந்திருக்க, நூல் அதைவிட்டு விலகி நேர்க்கோடாக நின்றது. கைடைக் கட்டுவதற்கு முன்பே, டேப் ஒட்டி வைத்து, இந்தச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் நூல் சுற்றுவார்கள். இதை யாரும் செய்திருக்கவில்லை.

அப்புறம் ராடை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். கைடு இல்லாத ஓர் இடத்தில் மட்டும் பளபளப்பு குறைந்து ஒரு பட்டை. "தம்பி, இது புது பிளாங்க் இல்ல. ஏற்கெனவே கைடு கட்டியிருந்த ராட்" என்றார். பிளேடால் பக்கத்துக் கைடின் நூலைக் கீறி எடுத்தோம். அடியில் உப்புத்தாள் தேய்த்த தடம், மஞ்சளடித்த பழைய எபாக்ஸி விளிம்பு, பழைய கைடு கால் அழுத்திய கோடு. பிடிக்கு மேலே இருந்த வைரக் கட்டத்தையும் பிரித்தோம். சுரண்டி எடுத்ததுபோக மிச்சமிருந்த அச்சு எழுத்தில் "100-200" என்று தெளிவாகவே படிக்க முடிந்தது. அதாவது 100 முதல் 200 கிராம் வரை, ஈயக்குண்டும் இரையும் வைத்து வீசுகிற கனத்த ராட். 40 கிராம் லூருக்கு அது வளையவே வளையாது. வளையாத ராட் எதைத் தூக்கி எறியும்?

ராடில் எழுதியிருக்கிற மீடியம், ஹெவி எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால்தான் அமெரிக்காவில் வில்லியம் ஹன்னமன் என்பவர் ஒரு சென்ட் நாணயங்களை வைத்து அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். ராடைக் கிடையாக இறுக்கி, நுனி ராட் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும் வரை பையில் நாணயம் போட்டு எண்ணுவது. இப்போது ஓடும் சென்ட் ஒன்று 2.5 கிராம். நாங்கள் மணலைப் போட்டுத் தராசில் நிறுத்தோம். என் பழைய லூர் ராடைவிட இதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடை தேவைப்பட்டது.

கட்டித் தந்தவருக்குப் படங்களை அனுப்பினேன். முதலில் "ப்ரோ, உங்க காஸ்டிங் ஸ்டைல் மாத்தணும்" என்றார். அடுத்து ரீல் பெரிசு என்றார். சுரண்டிய எழுத்தின் படம் போனதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். பில் கேட்டபோதெல்லாம் ராடோடு வரும் என்றவர் பில்லே தரவில்லை. யுபிஐ ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் கையில் இருக்கின்றன. அவற்றை வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

நன்றாகக் கட்டித் தருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பிழைப்பையும் இது கெடுக்கிறது. கட்டுகிறவர் நல்லவரென்றால் உங்கள் ரீலையும், நீங்கள் வீசும் லூரின் எடையையும் முதலில் கேட்பார். வெறும் பிளாங்க் படத்தை, அதில் அச்சிட்ட மாடல் எண் தெரிய, நூல் சுற்றுவதற்கு முன்பே அனுப்பச் சொல்லுங்கள். கைடுகளை டேப்பில் ஒட்டி, எடை தொங்கவிட்டு வளைத்த படமும் வேண்டும். இந்த இரண்டும் வந்த பிறகுதான் மீதிப் பணம். தர மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஸ்பைன் (பிளாங்கின் விறைப்பான பக்கம்) பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறாரே என்று மயங்க வேண்டாம். என்னிடமும் அவர் அதைத்தான் அதிகம் பேசினார்.

உங்களிடம் ஏற்கெனவே இப்படி ஒரு ராட் இருந்து சந்தேகம் வந்தால், உடனே நூலைப் பிரிக்காதீர்கள். முதலில் முழு ராடையும், ஒவ்வொரு கைடின் தூரத்தையும் அளவு டேப் வைத்துப் படமெடுங்கள். பிரிக்கும்போது வீடியோ ஓடட்டும், உரித்த நூலையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஆணையத்துக்குப் போனால் அதுவும் சான்றுதான்.