உள்நாட்டுப் பொருள் நுகர்வும் பொருள் தடமும்

ஒரு நாடு எவ்வளவு இயற்கைப் பொருளைப் பயன்படுத்துகிறது என்பதைக் காட்டும் இவ்விரு அளவீடுகளையும், இயற்கை வளங்களைத் திறம்படப் பயன்படுத்துவது பற்றிய ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்கு 12.2 கேட்கிறது. உள்நாட்டுப் பொருள் நுகர்வு என்பது, ஒரு நாடு தன் நிலத்தில் அகழ்ந்தும் அறுவடை செய்தும் எடுத்தவற்றோடு இறக்குமதியின் எடையைக் கூட்டி, ஏற்றுமதியின் எடையைக் கழித்துப் பெறுவது, கணக்கிட எளிது. ஆனால் ஒரு டன் செம்பு எல்லையைக் கடக்கையில் ஒரு டன்னாகவே பதிவாகிறது. செம்பின் பங்கு பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ள தாதுவிலிருந்து அதைப் பிரிக்க வெட்டியெடுத்த நூறு டன்னுக்கு மேற்பட்ட பாறை, சுரங்கமுள்ள நாட்டின் கணக்கிலேயே தங்கிவிடுகிறது. சுரங்கங்களை மூடிவிட்டு உலோகத்தை வாங்கும் செல்வந்த நாடு சிக்கனமானதாகத் தோன்றுவது இதனால்தான்.

பொருள் தடம், எந்த நாட்டின் எந்தத் துறை யாரிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் பன்னாட்டு உள்ளீடு-வெளியீட்டு அட்டவணைகளின் வழியே, அந்தப் பாறையை இறுதியில் நுகரும் நாட்டின் கணக்கில் சேர்க்கிறது. கணக்கிடும் மாதிரி மாறினால் விடையும் மாறுவது இதன் குறை. இருந்தும், பொறுப்பு யாருடையது என்று கேட்கும்போது இதுவே நேர்மையான அளவீடு என்பேன். தாதுவை அடைய அகற்றிக் கொட்டும் மேல்மண்ணை இரண்டுமே எண்ணுவதில்லை. அதற்கு ‘மொத்தப் பொருள் தேவை’ என்னும் வேறொரு கணக்கு வேண்டும்.