என்.டி.எம்-1 தடுப்பானைத் தேட பேஜா, கணினியா?

2008இல், தில்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் கண்டறியப்பட்ட கிருமியில் இருந்த என்.டி.எம்-1 நொதி, துத்தநாக அயனிகளின் துணையோடு கடைசிக் கட்ட நுண்ணுயிர்க்கொல்லிகளான கார்பபெனெம் மருந்துகளையும் உடைத்துவிடக்கூடியது. இதை முடக்கும் பெப்டைடை (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலியை) எந்த வழியில் தேடுவது என்பது, பெங்களூரில் எங்கள் ஆய்வகத்துத் தமிழர்கள் மல்லேஸ்வரத்துத் தேநீர்க்கடை வரை கொண்டுபோகும் வழக்கு.

ஜார்ஜ் ஸ்மித் 1985இல் அறிமுகப்படுத்திய பேஜ் டிஸ்ப்ளே முறையில், வெவ்வேறு பெப்டைடுகளைத் தலையில் சுமந்த பேஜுகளை, அதாவது பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ்களை, நொதி பூசிய பிளாஸ்டிக் குழியில் ஊற்றி, ஒட்டாதவற்றைக் கழுவிவிட்டு, ஒட்டியவற்றை ஈ.கோலை பாக்டீரியாவில் பெருக்கி மூன்று நான்கு சுற்றுகள் வடிகட்ட வேண்டும். ஏழு அமினோ அமிலங்களை 128 கோடி விதமாகக் கோக்கலாம் என்பதால், நூறு கோடி வகை கொண்ட தொகுப்பே பெரும்பகுதியைத் தொட்டுவிடும். பன்னிரண்டு என்றாலோ அதே தொகுப்பு 40 லட்சத்தில் ஒரு பங்குதான். ஒருமுறை எங்களுக்குக் கிடைத்த 'வெற்றியாளர்கள்' எல்லாம் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் மிகுந்தவை. அவை பற்றியிருந்தது நொதியை அல்ல, பிளாஸ்டிக்கை.

பெப்டைடு நொதியில் எப்படிப் பொருந்தும் என்று கணித்து மதிப்பெண் போடும் கணினி டாக்கிங்கில் இந்த ஏமாற்றம் இல்லை, செலவும் குறைவு. ஆனால் ஜி.என். இராமச்சந்திரன் குழுவினர் 1963இல் சென்னையிலிருந்து வெளியிட்ட, சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் வரைபடம் பல நிலைகளை விலக்கினாலும், ஏழு அமினோ அமிலக் கண்ணிகள் கொண்ட சங்கிலி இன்னும் எண்ணற்ற வடிவங்களில் வளையும். துத்தநாகத்தின் பிணைப்பையும் மதிப்பெண் சூத்திரங்கள் சரியாகக் கணிப்பதில்லை.

ஆகவே முதல் தேடலுக்கு என் வாக்கு பேஜுக்கே. ஆனால், நொதி மருந்தை உடைக்கும் இடமான வினைமையத்தில் சென்று அமரும் கேப்டோப்ரிலை (ஆம், இரத்த அழுத்த மாத்திரையேதான்) ஊற்றி, அது இடம்பெயர்த்த பேஜுகளை மட்டுமே எடுக்க வேண்டும், ஒட்டுவதெல்லாம் தடுப்பதில்லை. பிறகு, நொதி உடைத்தால் நிறம் மாறும் நைட்ரோசெஃபினைக் கொண்டு சோதனை: நொதி வேலை செய்தால் மஞ்சள் கரைசல் சிவக்கும், முடங்கினால் மஞ்சளாகவே நிற்கும். அப்படி நின்ற குழியில் சிறிது துத்தநாகம் சேர்த்ததும் சிவந்துவிட்டால், அந்தப் பெப்டைடு பெரும்பாலும் உலோகத்தைக் கவர்ந்து வைத்திருந்ததே தவிர வேறொன்றும் செய்யவில்லை.

கணினிக்கு முறை வருவது இதற்கப்பால்தான். கிருமியின் வெளிச்சவ்வுத் துளைகள் ஏறத்தாழ 600 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்டவற்றை எளிதில் விடா. ஏழு கண்ணிகள் சராசரியாக 780ஐத் தாண்டும். ஆகவே எந்த இரண்டு கண்ணிகளை வெட்டினால் பிடி தளராது என்று டாக்கிங்கைக் கேட்கலாம்.