ரூபி டிசிபி சாக்கெட்டில் பெரிய ஃபைல்கள்: ஓட்டிப் பார்த்த அனுபவம்

இரண்டு லினக்ஸ் சர்வர்களுக்கு நடுவே டேட்டாபேஸ் பேக்கப்பை அனுப்ப, ரூபி என்ற ப்ரோகிராமிங் மொழியின் டிசிபி சாக்கெட்டை (நெட்வொர்க்கில் இரண்டு மெஷின்களை இணைக்கும் முனை) வைத்து எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்றைப் பல வருடமாக ஓட்டி வருகிறேன். சின்ன ஃபைல் என்றால் எப்படி எழுதினாலும் போய்ச் சேர்ந்துவிடும். சில ஜிபி ஆனதும்தான் கோளாறுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

அந்தப் பக்கம் 64 கேபியாக எழுதினால் இந்தப் பக்கமும் 64 கேபியாகவே வரும் என்று நம்பி எழுதிய ப்ரோகிராம் கோடுதான் நான் அதிகம் பார்த்தது. சாக்கெட்டில் வந்ததை எடுக்கும் 'ரெஸீவ்' ஒவ்வொரு முறையும் தரும் அளவை லாகில் போட்டுப் பாருங்கள்: 1448, 2896, 14480 என்று வரும். ஈதர்நெட் பாக்கெட்டின் 1500 பைட்டில் ஐபி, டிசிபி ஹெடர்களுக்கு 52 போனால் மிச்சம் 1448. மற்றதெல்லாம் அதன் மடங்கு. லூப்பேக்கில், அதாவது ஒரே மெஷினுக்குள்ளேயே, சோதிக்கிறவருக்கு இது கண்ணில் படாது, லினக்ஸில் அதன் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 65536 பைட். 'என் மெஷினில் ஓடுதே' என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. டிசிபிக்குத் தெரிந்தது பைட் வரிசை மட்டும். ஃபைல் எங்கே முடிகிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு முதலில் அளவை அனுப்பி, பின்னால் ஃபைலை அனுப்புவது வழக்கம். இங்கேயும் பொறி உண்டு. அளவை 'பேக்' செய்யும்போது, அதாவது எண்ணைப் பைட்டுகளாக மாற்றும்போது, 'என்' (N) என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால் 32 பிட்தான். 5 ஜிபி ஃபைலை 1 ஜிபி என்று சொல்லிவிடும், எர்ரரும் வராது. 64 பிட்டுக்கான 'க்யூ' (Q) போட்டு, எந்தப் பைட் முதலில் என்ற வரிசையையும் குறிப்பிட்டுவிடுங்கள். அளவை 'கெட்ஸ்' மூலம் ஒரு வரியாகப் படித்துவிட்டு அடுத்து 'ரெஸீவ்' போட்டால் சில சமயம் ஓடும், சில சமயம் ஐஓ எர்ரர் வரும். ஃபைலின் தொடக்கமும் அந்த வரியோடு சேர்ந்து வந்து ரூபியின் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) தங்கிவிட்டால் 'ரெஸீவ்' மறுத்துவிடும். 'ரீட்' அந்தப் பஃபரையும் சேர்த்தே படிக்கும். கேட்ட அளவு வரும்வரை, அல்லது இணைப்பு முடியும்வரை, காத்திருக்கவும் செய்யும்.

இப்போது என் கோடில் மிஞ்சியிருப்பது ஐஓவின் 'காப்பி ஸ்ட்ரீம்' மட்டும். அளவையும் சேர்த்துக் கொடுத்தால் துண்டு துண்டாக அதுவே நகர்த்தும். லினக்ஸில் முடிந்த இடத்தில், ஃபைலை கெர்னலே நேராக சாக்கெட்டுக்கு அனுப்பும் 'சென்ட்ஃபைல்' பயன்படுத்துவதால் மெமரியும் ஏறாது. முழு ஃபைலையும் ஒரே 'ஃபைல் ரீட்'டில் இழுக்கும் கோடைக் கண்டால் உடனே மாற்றிவிடுவேன். ஒன்று கவனிக்க வேண்டும்: இணைப்பு பாதியில் மூடப்பட்டால் 'காப்பி ஸ்ட்ரீம்' கத்தாது, நகர்த்திய பைட் கணக்கை மட்டும் திருப்பித் தரும். அதைச் சொன்ன அளவோடு ஒப்பிடுவது நம் வேலை. நான் கடைசியில் இரண்டு பக்கமும் ஃபைல் ஒன்றுதானா என்று சரிபார்க்கும் ஷா256 செக்சம்மும் பார்க்கிறேன்.

விண்டோஸ் மெஷின் நடுவில் வந்தால் ஃபைலை 'பைனரி'யாகத் திறங்கள், இல்லையென்றால் வரி முடிவுகள் மாறி அளவு உதைக்கும்.

குறை என்றால் டைம்அவுட்தான். எதிர்ப்பக்கம் சொல்லாமல் செத்துப்போனால் 'ரீட்' அப்படியே உட்கார்ந்திருக்கும். ரூபி 3.2-ல் ஐஓவுக்கே டைம்அவுட் வைக்கும் வசதி வந்தபிறகு இது கொஞ்சம் சுலபம். விட்ட இடத்திலிருந்து தொடர்வதெல்லாம் நாமே எழுத வேண்டும். அது தேவைப்படுகிறவர்கள் பேசாமல் ஆர்சிங்க் என்ற ஃபைல் அனுப்பும் கருவியின் பக்கம் போய்விடலாம்.