‘முந்நூத்தி இருபது’ன்னு சொன்னா, எதுக்குன்னு கேளுங்க

பில் 15,997 ரூபாய். சாப்பிட்டது ஆறு பேர். அதில் இரண்டு பேர் முள் எடுத்துக் கொடுத்தால்தான் மீன் தின்கிற பிள்ளைகள். கடை நம்ம குமரி மாவட்டக் கடலோரத்தில்தான் இருக்கிறது. மாடி, கண்ணாடி, அதற்கு அப்பால் கடல். பெயர் போடப்போவதில்லை. ஏறக்குறைய இதே கதையை வேறு கடைகளைப் பற்றியும் கேட்டுவிட்டேன். ஒன்றின் பெயரைக் குறித்துவைத்துக்கொண்டு இன்னொன்றில் போய் மாட்டினால் என்ன லாபம்?

போன காரணம் மாமியின் எழுபதாவது பிறந்தநாள். மாமிக்குச் சொந்த ஊர் கடியப்பட்டணம். முப்பது வருஷம் தலையில் சருவம் வைத்து மீன் சுமந்து, திங்கள்சந்தை வரை போய் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். “வாழ்க்கையில ஒரு தடவையாவது அம்மைய உட்கார வச்சு இன்னொருத்தர் மீன் பரிமாறணும்” என்று என் மனைவி சொன்னாள். மச்சினனும் லீவில் வந்திருந்தான். ஊரில் இருப்பதிலேயே பெரிய கடை எது என்று போனில் பார்த்தோம். நட்சத்திரம் அள்ளிக் கொட்டியிருந்தது. முன்பதிவு செய்துகொண்டு 2025 ஜூன் முதல் சனிக்கிழமை ராத்திரி போனோம்.

வாசலிலேயே ஐஸ் பரப்பிய பெரிய தட்டு. நெய்மீன், பாறை, கலவா, சிங்கி இறால் எல்லாம் வரிசையாகப் படுத்திருந்தன. மேலே ஒரு பலகை: ‘இன்று காலை குமரிக் கடலில் பிடித்தவை’. நான் கலவாவைக் காட்டினேன். சட்டை கசங்காத ஒரு பையன், ரொம்ப மரியாதையான பையன், “நல்ல செலக்‌ஷன் சார், முழுசா க்ரில் பண்ணித் தரலாம், ஆறு பேருக்குச் சரியா இருக்கும்” என்றான்.

“விலை?”

“முந்நூத்தி இருபது சார்.”

மெனு அட்டையில் மீன்களுக்கு நேராக எண் கிடையாது. ‘சந்தை விலை’ என்று மட்டும் இருந்தது. முந்நூற்றி இருபது தலைக்கு என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். ஆறு பேருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் சொச்சம். இப்படிப்பட்ட கடைக்கு அது வரும்தான். எதற்கு முந்நூற்றி இருபது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பக்கத்தில் மச்சினன், பின்னால் மாமி, மெல்லிய வெளிச்சம், எங்கோ வயலின். வடசேரிச் சந்தையில் அஞ்சு ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற வாய் அங்கே தானாக மூடிக்கொண்டது. அந்தக் கூச்சத்துக்கும் சேர்த்துத்தான் அங்கே விலை போடுகிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

முந்நூற்றி இருபது நூறு கிராமுக்கு. கிலோ 3,200. பில்லில் ‘கலவா, 2.400 கிலோ, 7,680’ என்று இருந்தது.

எடை போட்டதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. தட்டிலிருந்து எடுத்தார்கள், உள்ளே போனார்கள், முக்கால் மணி நேரம் கழித்து வாழையிலை மேல் மசாலா பூசி வந்தது. வாசலில் பார்த்த அதே மீன்தானா என்றுகூடச் சொல்ல முடியாது. மசாலாவுக்கு அடியில் எந்தக் கலவாவும் ஒரே கலவாதான்.

மாமிக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. சாப்பிடும்போதே மகள் காதில் சொல்லியிருக்கிறார்: “மக்களே, இது ஒண்ணரை கிலோவுக்கு மேல இருக்காது. செதிளும் குடலும் செவிளும் எடுத்தா ஒரு முந்நூறு கிராம் போவும். சுடும்போ நீரு வத்தும். எப்பிடிப் பாத்தாலும் பச்சையில ரெண்டு கிலோவ எட்டாது.” இன்னொன்றும் சொன்னாராம். வாசலில் நிற்கும்போதே கண்ணைப் பார்த்துவிட்டார். பச்சை மீனுக்குக் கண் வெளியே முட்டிக்கொண்டு கண்ணாடி மாதிரி நிற்கும். அங்கே கிடந்ததற்கெல்லாம் கண் உள்ளே போய் பால் படிந்திருந்தது. செவிளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பா தவிட்டு நிறமா என்று தெரிந்துவிடும். கை வைத்துப் பார்க்க அவருக்கு ஆசைதான். “அங்க போய் நான் மீன அமுக்கிப் பாத்தா உங்களுக்குத்தான கேவலம்” என்று சும்மா இருந்துவிட்டார். அந்த அறையில் மீனைப் பற்றி எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர், எங்களுக்காக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். பணம் போனதைவிட எனக்கு அதுதான் ஆறவில்லை.

பில் வந்ததும் மனைவி இதைச் சொன்னாள். மாமியையும் பிள்ளைகளையும் மச்சினனோடு கீழே காருக்கு அனுப்பிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் மேனேஜரைக் கூப்பிட்டோம்.

முதலில் எடைச் சீட்டு கேட்டேன். சமையலறையிலிருந்து கையால் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் வந்தது, 2.4 என்று மட்டும் இருந்தது. தராசைப் பார்க்கலாமா என்றேன். கிச்சனுக்குள் வாடிக்கையாளர் வர அனுமதி இல்லையாம். சரி, இந்த மீன் எங்கே பிடித்தது என்று கேட்டேன்.

இதை ஏன் கேட்டேன் என்று கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடல் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடல் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக ஜூன் முதல் இரண்டு வாரம் மாவட்டம் முழுக்க விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும். நாங்கள் போனது அந்த இரண்டு வாரத்துக்குள். வள்ளத்தில் போகிறவர்களுக்குத் தடை இல்லை, கொஞ்சம் மீன் வரத்தான் செய்யும். ஆனால் அது கரையிலேயே ஏலத்தில் பறந்துவிடும். ஒரு கடை வாசலில் அத்தனை பெரிய மீன்களை அடுக்கிவைக்கிற அளவுக்கு வருமா என்பதுதான் மாமியின் கேள்வி.

மேனேஜர் யோசிக்காமல் சொன்னார்: “எங்களுக்குக் கேரளாவுல இருந்து வருது சார்.” இருக்கலாம். அங்கே தடை ஜூன் 9 நள்ளிரவில்தான் தொடங்கும். “அப்போ வாசல்ல குமரிக் கடல்னு எழுதியிருக்கே?” என்றாள் மனைவி. அது டிசைன் போர்டு என்றார்.

அடுத்தது சேவைக் கட்டணம். சாப்பாட்டுக் கணக்கு 13,850. அதற்குக் கீழே ‘பணியாளர் நலன் 10%’ என்று 1,385. அதையும் கூட்டி, மேலே 5 சதவீத ஜிஎஸ்டி. ஜிஎஸ்டியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண உணவகத்துக்கு 5 தான். நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள ஹோட்டலுக்குள் இருக்கிற உணவகம் என்றால் 18 வரும், அதுவும் முறையானதே. ஆனால் அந்த 10 சதவீதம் கட்டாயம் கிடையாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது: பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது, அதன் மேல் ஜிஎஸ்டியும் போடக் கூடாது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அந்த வழிகாட்டுதல்கள் செல்லும் என்று சொல்லிவிட்டது. மனைவி இதைப் போனில் எடுத்துக் காட்டியதும் மேனேஜர் ஒரு வார்த்தை பேசவில்லை. புதுப் பில் வந்தது: 14,543. அவ்வளவு சுலபமாக எடுக்க முடிகிறதென்றால், கேட்கிறவர்களுக்கு எடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்றுதானே அர்த்தம்?

தண்ணீர்க் கதை சின்னது. உட்கார்ந்ததும் கேட்காமலேயே நாலு கண்ணாடி பாட்டிலைத் திறந்துவிட்டார்கள், ஒன்று 150. இதில் சட்டம் நம் பக்கம் இல்லை. உணவகத்தில் பரிமாறும் பாட்டில் தண்ணீருக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. திறப்பதற்கு முன்னால் “சாதாத் தண்ணி போதும்” என்று சொல்லத்தான் வேண்டும்.

கலவா விலையில் ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை. கட்டிவிட்டு வந்தேன். அந்தப் பையன் கையில் மட்டும் தனியாக நூறு ரூபாய் வைத்தேன்; அவனுக்கு ‘முந்நூத்தி இருபது’ என்று மட்டும் சொல்லச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவன் என்ன செய்வான்.

நியாயமாகச் சொன்னால் அப்பம் அருமை. ஓரம் முறுமுறு, நடுவில் பஞ்சு. மாங்காய் போட்ட மீன்கறி நீர்த்திருந்தது, ஆனால் தேங்காய் அரைப்பில் பழுதில்லை. கெட்ட சாப்பாடு என்று நான் சொல்லவே மாட்டேன்.

இன்னும் ஒன்றை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கடைக்கு நான் அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கிறேன். மேசையிலேயே ஒரு க்யூஆர் அட்டை. போட்டோவோடு விமர்சனம் போட்டால் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் இலவசம். பாயசம் குடிக்கிற நேரத்தில், பில் வருவதற்கு முன்னால், பையன் சிரித்துக்கொண்டே அட்டையை நகர்த்தினான். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். போட்டேன். நாங்கள் நம்பிப் போன நட்சத்திரங்களில் எத்தனை ஐஸ்கிரீமுக்கு விழுந்தவையோ. மறுநாள் போய் ஒன்றாக மாற்றினேன். நீங்கள் பார்க்கும்போது ஒற்றை, இரட்டை நட்சத்திர விமர்சனங்களை மட்டும் தனியாக எடுத்து வாசியுங்கள். ‘எடை’, ‘சந்தை விலை’ என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தால் விஷயம் அங்கேதான்.

அலுவலகத்தில் இதைச் சொன்னதும் ஆளுக்கொரு கதை எடுத்தார்கள். ஒருவர் வேறொரு கடையில் சூரியன் மறைவதைப் பார்க்க ஜன்னலோர மேசைக்கு இரண்டாயிரம் முன்பணம் கட்டியிருக்கிறார். பில்லில் அது கழியவே இல்லை, கேட்டால் அது இடத்துக்கான கட்டணமாம். இன்னொரு தோழி சிங்கி இறாலை உயிரோடு காட்டச் சொல்லி, மேசைக்கே தராசைக் கொண்டுவரச் சொல்லி, மொத்த விலையைக் காகிதத்தில் எழுதி வாங்கிவிட்டுத்தான் சமைக்க விட்டாளாம். “ஒண்ணும் மூஞ்சியச் சுளிக்கல. என்ன, கொஞ்சம் தைரியம் வேணும்” என்றாள். நானும் இனி அப்படித்தான். நூறு கிராம் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம். ‘இந்த மீன், என் தட்டுக்கு வரும்போது மொத்தம் எத்தனை ரூபாய்?’ அந்த ஒரு எண்ணைச் சொன்னால் போதும்.

மாட்டிக்கொண்டவர்களுக்கு: பில்லை விடாதீர்கள், மெனு அட்டையையும் வாசல் பலகையையும் போட்டோ எடுங்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். எடையில் சந்தேகம் என்றால் தொழிலாளர் துறையிடம் போங்கள். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைக் கவனிப்பது அவர்கள்தான், பலருக்கு இது தெரியாது. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை.

நான் 1915-இல் பதிந்தேன். கொஞ்ச நாள் கழித்துக் கடையிலிருந்து கூப்பிட்டு, அடுத்த முறை வரும்போது இரண்டாயிரம் ரூபாய் கழித்துத் தருகிறோம் என்றார்கள். அடுத்த முறை என்று ஒன்று இல்லை, எடைக்கு விளக்கம் எழுத்தில் கொடுங்கள் என்றேன். இன்னும் வரவில்லை. ஆணையத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மாமிக்கு மொத்தக் கணக்கு தெரியாது. அன்றைக்கு காரில் ஏறியதும் கேட்ட முதல் கேள்வி, “அந்தக் கலவாவுக்கு எவ்வளவு போட்டாங்க?” என்பதுதான். மனைவி என்னைப் பார்த்துவிட்டு, “ரெண்டாயிரம் அம்மா” என்றாள்.

வழியில் தோட்டியோடு என்கிற ஊர் தாண்டும்வரை மாமி திட்டிக்கொண்டே வந்தார்.