கார்பன் ஷாஃப்ட் என்று வந்தது முக்கால்வாசி கார்பனே இல்லை: ஈக்வினாக்ஸ் 600, 800 வைத்திருப்பவர்களுக்கு எச்சரிக்கை

பிரிட்டனில் மைன்லேப் ஈக்வினாக்ஸ் மெட்டல் டிடெக்டருக்கு மாற்று ஷாஃப்ட் (கைப்பிடியையும் கீழே உலோகத்தை உணரும் காயிலையும் இணைக்கும் தண்டு) தேடும் நம்மவர்கள் கவனத்துக்கு. ஆன்லைனில் இப்படி ஒரு விளம்பரம்: "முழு கார்பன் ஃபைபர், மூன்றடுக்கு டெலஸ்கோப்பிக், எல்லா ஈக்வினாக்ஸுக்கும் பொருந்தும், யூகே ஸ்டாக்". விலை நூறு பவுண்டுக்குச் சற்று மேலே. காசு கட்டிய பிறகுதான் பார்சல் வெளிநாட்டிலிருந்து கிளம்பியது. பிரித்துப் பார்த்தால் மேல்குழல் அலுமினியம், அதன்மேல் கார்பன் நெசவு மாதிரி அச்சடித்த படலம். நடுக்குழல் கண்ணாடி நார். கீழ்க்குழல் மட்டும் கார்பன், அதுவும் இந்த வேலைக்கு ஆகாத ரகம். விற்றவர் பெயரைப் போடுவதில் பயன் இல்லை. இதே சரக்கு, இதே படத்தோடு, வேறு வேறு கடைப் பெயர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயரை நினைவில் வைப்பதைவிடச் சரக்கை அடையாளம் காணத் தெரிந்துகொள்வதே நல்லது.

இந்த வியாபாரம் ஏன் நடக்கிறது? 2018இல் வந்த மைன்லேப் ஈக்வினாக்ஸ் 600, 800 இரண்டுக்கும் மூன்று துண்டு ஷாஃப்ட்தான். ஒன்றுக்குள் ஒன்று சுருங்கிப் பைக்குள் அடங்காது. பின்னால் வந்த 700, 900 மாடல்களில் கம்பெனியே சுருங்கும் கார்பன் ஷாஃப்ட் கொடுத்துவிட்டது. பழைய மெஷின் வைத்திருப்பவருக்கு அதைப் பார்த்து ஆசை வருவது நியாயம்தான். அந்த ஆசையில்தான் கல்லா நிரம்புகிறது. "எல்லா ஈக்வினாக்ஸுக்கும்" என்று மாடல் எண் இல்லாமல் எழுதியிருந்தாலே சந்தேகப்படுங்கள். 600/800க்கும் 700/900க்கும் ஷாஃப்ட் அமைப்பே வேறு.

எடை குறையும் என்பார்கள். குறையும், ஆனால் எவ்வளவு? வெளிவிட்டம் 22 மி.மீ., உள்விட்டம் 20 மி.மீ. உள்ள குழலை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் குழலில் இருக்கும் பொருள் 66 கன செ.மீ. கார்பன் என்றால் சுமார் 105 கிராம், கண்ணாடி நார் என்றால் 125 கிராம், அலுமினியம் என்றால் 178 கிராம். ஈக்வினாக்ஸ் 800 மொத்தமே 1.34 கிலோ. அதில் காயில், கண்ட்ரோல் பாட் (திரையும் பட்டன்களும் உள்ள பெட்டி), பேட்டரி எதுவும் மாறப்போவதில்லை. ஆகவே "பாதி எடை" என்ற பேச்செல்லாம் சும்மா. கைக்கு நிம்மதி தருவது கீழ்க்குழலில் குறையும் எடைதான், ஏனென்றால் அது கையிலிருந்து அரை மீட்டருக்கும் அப்பால் தொங்குகிறது. கைப்பிடிக்குப் பின்னால் நீளும் மேல்குழலை இலேசாக்கினால் மெஷின் முன்பக்கம் இன்னும் சாயும். சில பேர் கார்பனுக்குக் காசு கொடுத்துவிட்டு, பிறகு முன்கையைத் தாங்கும் ஆர்ம்ரெஸ்ட் பின்னால் எடைக்கல் கட்டுவது இதனால்தான்.

இந்தக் கணக்குக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. பார்சல் வந்ததும் ஒவ்வொரு குழலையும் கழற்றி, லாக்கை (குழல்களை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு) எடுத்துவிட்டு, சமையலறைத் தராசில் வையுங்கள். காலிப்பரால் உள், வெளி விட்டங்களையும் நீளத்தையும் அளந்து குழல் சுவரின் கன அளவு போடுங்கள். கிராமில் உள்ள எடையைக் கன செ.மீ.யில் உள்ள கன அளவால் வகுத்தால் 1.6 பக்கம் வந்தால் கார்பன், 1.9 பக்கம் வந்தால் கண்ணாடி நார், 2.7 வந்தால் சந்தேகமே வேண்டாம், அலுமினியம். சுவர்க் கனம் 1 மி.மீ.தான் என்பதால் காலிப்பர் 0.1 மி.மீ. தவறினாலும் விடை மாறிவிடும். நாலைந்து இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். லாக் ஒட்டியே வந்து கழலவில்லை என்றால் மின்தடை அளக்கும் மல்டிமீட்டர். இரண்டு முனைகளையும் குழலின் வெட்டு விளிம்பில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி நாரில் மின்சாரம் பாயாது. அலுமினியத்தில் ஓம் கிட்டத்தட்ட பூஜ்யம். கார்பனில் சில ஓம் முதல் சில நூறு ஓம் வரை, அழுத்தும் அழுத்தத்துக்கேற்பக் குதித்துக்கொண்டே இருக்கும். பளபளக்கும் மேற்பரப்பில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். கார்பன் மேல் உள்ள வார்னிஷும் அலுமினியம் மேல் உள்ள ஆனோடைஸ் பூச்சும் மின்சாரத்தை விடாது. வெட்டு விளிம்பிலும் வார்னிஷ் இருந்தால், லாக்குக்குள் மறையும் இடத்தில் ஒரு மிளகளவு மட்டும் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேயுங்கள். கறுப்புச் சேறு வந்தால் கார்பன், வெளிறி வந்தால் கண்ணாடி நார். முகக்கவசம் கட்டாயம். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம், மூன்றுமே காந்தத்தில் ஒட்டாது.

மேல்குழல் அலுமினியமாக இருப்பதால் டிடெக்டருக்குக் கேடில்லை. எத்தனையோ நல்ல மெஷின்களில் மேல்குழல் அலுமினியம்தான். கார்பன் விலை வாங்கியதுதான் மோசடி. உண்மையான கேடு காயிலுக்கு அருகே இருக்கிறது.

காயிலுக்குப் பக்கத்தில் மின்சாரம் கடத்தும் எது வந்தாலும் மெஷின் அதைப் பார்க்கும். கார்பனும் கடத்தும் பொருள்தான், அதை மறந்துவிடுகிறார்கள். அசையாமல் ஒரே இடத்தில் இருந்தால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. காயிலை வீசும்போது மாறும் சிக்னலைத்தான் மெஷின் கணக்கில் எடுக்கிறது, மாறாமல் நிற்பதை ஒதுக்கிவிடும். ஆனால் அந்தக் குழல் காயிலைப் பொறுத்து ஆடினால்? ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் ஒரு கீச்சுச் சத்தம். நிலத்தில் ஏதோ இருக்கிறது என்று தோண்டிக்கொண்டே இருப்பீர்கள். 800இல் உள்ள 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலும், தங்கத் துகள் தேடும் கோல்ட் மோடிலும் இது அதிகம் தெரியும், சின்னஞ்சிறு பொடிகளைப் பிடிப்பதற்கென்றே இருப்பவை அவை. பல்ஸ் வகை (துடிப்புத் துடிப்பாக மின்சாரம் அனுப்பும்) மெஷின்களில் இன்னும் மோசம். விவரம் தெரிந்து செய்பவர்கள் கீழ்க்குழலின் கடைசி ஒரு சாண் நீளத்தையாவது கண்ணாடி நாரிலோ கெட்டி பிளாஸ்டிக்கிலோ வைத்து, கார்பனைக் காயிலிலிருந்து தள்ளி நிறுத்துவார்கள். இந்தச் சரக்கில் கார்பன், காயிலை மாட்டும் காது வரை வருகிறது. கண்ணாடி நார் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே கார்பன், கார்பன் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே கண்ணாடி நார்.

சோதிப்பது சுலபம். மின்கம்பிகள் இல்லாத வெளியில், மோதிரம், பெல்ட், செல்போன் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, காயிலை இடுப்பளவு உயரத்தில் பிடியுங்கள். நாய்ஸ் கேன்சல் (வெளி மின்குறுக்கீட்டை அடக்கும் வசதி) செய்து, சென்சிட்டிவிட்டி 20, ஹார்ஸ்ஷூ பட்டனை அழுத்தி எல்லா உலோகமும் கேட்கும்படி வையுங்கள். இப்போது காற்றிலேயே வேகமாக வீசிச் சட்டென்று நிறுத்துங்கள். பத்து முறை வீசி ஐந்தாறு முறை கீச்சிட்டால் கோளாறு இருக்கிறது. ஷாஃப்ட்டில் சுற்றிய காயில் கேபிளை அவிழ்த்து இறுக்கிச் சுற்றி மறுபடி பாருங்கள், தொளதொளத்த கேபிளும் இதே சத்தத்தைத்தான் கொடுக்கும். அதற்கும் அடங்காவிட்டால் பழைய ஷாஃப்ட்டில் அதே காயிலை மாட்டி வீசுங்கள். அங்கே அமைதியாக இருந்தால் புதிய ஷாஃப்ட்தான் குற்றவாளி.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு குழலுக்கும் அதற்குள் நுழையும் குழலுக்கும் இடைவெளி 0.3 மி.மீ., இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று இருக்கும் நீளம் 50 மி.மீ. என்றால், 80 செ.மீ. தள்ளியிருக்கும் காயில் ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 5 மி.மீ. ஆடும். அதே இடைவெளியில் உள்நுழைவு 100 மி.மீ. ஆனால் ஆட்டம் பாதி. ஆக, "மிக நீளமாக விரியும்" என்று பெருமை பேசும் ஷாஃப்ட்டுகளில் பல, உள்நுழைவைத் திருடித்தான் அந்த நீளத்தைக் காட்டுகின்றன. வந்த ஷாஃப்ட்டைக் கடைசித் துளை வரை இழுத்து, பென்சிலால் கோடு போட்டு, வெளியே உருவி அளந்தால், இரண்டாம் இணைப்பில் உள்ளே இருந்தது வெறும் 45 மி.மீ. குழல் விட்டத்தைப் போல் நான்கு மடங்காவது உள்ளே இருக்க வேண்டும், 22 மி.மீ. குழலுக்கு 90 மி.மீ. நெம்புகோலால் இறுக்கும் கேம் லாக்கை எவ்வளவு இறுக்கினாலும் இந்தக் குறையை அது சரிக்கட்டாது.

திருகும் ஆட்டம் தனி. துளைக்குள் துள்ளி நின்று குழலைப் பிடிக்கும் ஸ்பிரிங் பட்டன் 6 மி.மீ., துளை 6.4 மி.மீ. என்றால் காயில் ஓரம் மேலும் கீழும் இரண்டரை மி.மீ. ஆடும். கார்பன் குழலில் நேராகத் துளை போட்டு, உள்ளே உலோகப் புஷ்ஷோ பிளாஸ்டிக் உறையோ வைக்காமல் விட்டிருந்தால், துளை நாளாக ஆக நீள்வட்டமாகிவிடும். 11 அங்குலக் காயிலை முழங்கால் அளவுத் தண்ணீரில் வீசும்போது வரும் திருகல் முழுக்க அந்தத் துளையில்தான் இறங்குகிறது.

கீழ்க்குழல் கார்பன்தான், ஆனால் ஆகாத ரகம் என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். மலிவான கார்பன் குழல்களில் நார் எல்லாம் நீளவாக்கில் மட்டுமே ஓடும். வளைவைத் தாங்கும், திருகலையும் பிடி அழுத்தத்தையும் தாங்காது. லாக் பிடிக்கும் இடத்திலோ துளையிலோ தொடங்கி மூங்கில் பிளக்கிற மாதிரி நீளமாகப் பிளக்கும். டிடெக்டருக்கு வேண்டியது குறுக்கும் நெடுக்குமாக, 45 பாகைச் சாய்விலும் அடுக்குகள் சுற்றிய குழல். வெளியே அழகாக நெசவு தெரிவதை வைத்து முடிவு செய்ய முடியாது, அது மேலே போர்த்திய ஒரே அடுக்காக இருக்கலாம். குழலின் வெட்டு முனையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நீளவாக்கு நார் மட்டும் என்றால் வெட்டுமுகம் ஒரே சீரான கறுப்புப் புள்ளிகளாக இருக்கும். அடுக்குச் சுற்றியது என்றால் வெங்காய வளையம் போலக் கோடுகள் தெரியும். இதில் வளையமே இல்லை. லாக்கை இரண்டு மூன்று முறை இறுக்கியதிலேயே துளையிலிருந்து மயிரிழை விரிசல் ஓடிவிட்டது.

கடற்கரையில் தேடுபவர்களுக்கு மட்டும்: உப்புத் தண்ணீரில் கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும், வெள்ளைப் பொடி பூத்து இரண்டு குழலும் ஒட்டிக்கொண்டுவிடும். ஸ்பிரிங் பட்டன் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். தண்ணீர் புகுந்து வெளியேறத் துளைகள் வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று காயிலைத் தூக்கும். திருகி இறுக்கும் உள்லாக் உள்ளவற்றை மணலுக்கு எடுத்துப் போகாதீர்கள். மணல் புகுந்தால் திறக்கவே திறக்காது. வெளியே நெம்புகோல் வைத்த கேம் லாக்தான் சரி. நல்ல தண்ணீரில் அலசினால் போதும், எண்ணெய் போட்டால் மணல் அதில் ஒட்டிக்கொள்ளும்.

பொருத்தும்போது காயில் காதுகளுக்கு நடுவே உள்ள அகலத்தைப் பாருங்கள். கீழ்முனை ஒரு மி.மீ. மெலிந்திருந்தாலும் போல்ட்டை இறுக்கி இறுக்கிக் காதை உடைத்துக்கொள்வீர்கள். ஆட்டத்தை ரப்பர் வாஷரைத் தடிமனாக்கிச் சரிசெய்யுங்கள், போல்ட் விரல் பலத்துக்கு மேல் வேண்டாம். கேபிளுக்கும் கணக்குப் பாருங்கள்: ஒரு மீட்டர் நீளத்தில் எட்டுச் சுற்று சுற்றினால் கூடுதலாகப் பதினான்கு செ.மீ. கேபிள் போய்விடும். ஷாஃப்ட்டை முழுக்க விரித்த நிலையில் சுற்றி, காயிலைச் சாய்க்க ஒரு கைப்பிடி தளர்வு விட்டு, அதன் பிறகே வெல்க்ரோ போடுங்கள். சுருக்கிய நிலையில் சுற்றிவிட்டு இழுத்தால் கேபிள் காயிலுக்குள் நுழையும் இடத்தில் பிய்யும். காயிலின் விலை ஷாஃப்ட்டைவிட அதிகம். ஈக்வினாக்ஸில் பேட்டரி கைப்பிடிக்குள் இருக்கிறது, ஆகவே கைப்பிடியை மாற்றும்போது பழைய ஸ்க்ரூவைத் தவிர வேறு நீளத்தில் எதையும் முடுக்காதீர்கள்.

வாங்குமுன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை இவை: ஒவ்வொரு குழலும் என்ன பொருள், முழுக்க விரித்தால் உள்நுழைவு எவ்வளவு, கடைசி 20 செ.மீ. எதனால் ஆனது, சுருக்கிய நீளம் ஆர்ம்ரெஸ்ட்டோடா இல்லாமலா, கைப்பிடி சேர்ந்து வருமா. எண்ணில் பதில் வந்தால் வாங்கலாம். "பிரீமியம் குவாலிட்டி சார்" என்று பதில் வந்தால் அடுத்த கடை பாருங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள், பின்னால் உதவும். சுருக்கிய நீளம் 60 செ.மீ. என்றாலே 55 செ.மீ. கேபின் பையில் நேராகப் போகாது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

புகார் சொன்னதும் முதலில் "டேப் சுற்றிக்கொள்ளுங்கள்" என்றார்கள், அடுத்து விலையில் கொஞ்சம் திருப்பித் தருகிறோம் என்றார்கள், கடைசியில் உங்கள் செலவில் வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள் என்றார்கள். இதில் எதற்கும் தலையாட்ட வேண்டாம். பிரிட்டனில் ஆன்லைன் கொள்முதலைப் பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். சொன்னபடி இல்லாத பொருளை, நுகர்வோர் உரிமைச் சட்டம் 2015இன்படி, 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்டியிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில் வங்கியையே பொறுப்பாக்கலாம். விற்றவர் வெளிநாட்டில் இருந்தாலும் பொருந்தும். ஆனால் சரியாக 100 பவுண்டு என்றால் பொருந்தாது. நடுவில் வேறு கட்டண நிறுவனமோ சந்தைத் தளமோ புகுந்திருந்தாலும் அந்த உரிமை அறுந்துபோகலாம். டெபிட் கார்டு என்றால் சார்ஜ்பேக் (வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்பது), வழக்கமாக 120 நாள் கெடு.

இதற்கெல்லாம் பொருள் வந்தபடியே இருக்க வேண்டும். ஆகவே எடை, வெட்டு விளிம்பில் மல்டிமீட்டர், பென்சில் கோடு, காற்றில் வீச்சு, இவற்றை முதல் வாரத்திலேயே முடித்துப் படம் எடுத்து வையுங்கள். தேய்த்துப் பார்ப்பதைக் கடைசிக்கு விடுங்கள், மற்றவற்றில் விடை கிடைத்துவிட்டால் அது தேவையே இல்லை. துளை போடுவது, அறுப்பது, பசை வைப்பது எதுவும் கூடாது. தராசுப் படத்தில் எண்ணும், குழலும், பக்கத்தில் விளம்பரத்தின் அச்சுப் பிரதியும் ஒரே ஃப்ரேமில் வரட்டும். வங்கிக்காரருக்கு கார்பன் தெரியாது, 1.6க்கும் 2.7க்கும் உள்ள வித்தியாசம் புரியும்.